பல்லு மேஸ்திரி சொன்ன ஒரே வார்த்தை

ஓடும் எஞ்சின் மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் கடைவாயில் கடித்துக்கொண்டு மேஸ்திரி கண்ணை மூடினார் என்றால், லாரிப் பட்டறையில் யாரும் இருமக்கூடாது. வெல்டர் ஓங்கிய சுத்தியலை ஓங்கியபடியே வைத்திருப்பார். அதிர்வு கம்பி வழியாக ஏறி மேஸ்திரியின் தாடையை ஆட்டும். கன்னத்துச் சதை துடிக்கும். பிறகு கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். பழுது பார்த்தால் போதும் என்றால் "செஞ்சிரலாம்", எஞ்சினே போச்சு என்றால் "மாத்திரு". அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பல்லு மேஸ்திரி என்று பெயர் வந்தது இதனால்தான். "காது பொய் சொல்லும், பல்லு சொல்லாது" என்பார். இனிப்பு பட்டால் பல் மந்தமாகிவிடும் என்று டீயில் சர்க்கரைகூடப் போடவிட மாட்டார். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமே என்று எவராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் முகம் கறுத்துப்போகும். "திறந்து பாத்துச் சொல்ல ஆயிரம் பேரு இருக்கான். அதுக்கு நான் எதுக்கு?" வீட்டில் அவர் மனைவியின் புகார் வேறு மாதிரி. "நான் நாலு தடவ கூப்பிட்டாலும் இந்த மனுசனுக்குக் கேக்காது. தெருமுனையில ஒரு லாரி இருமட்டும், எந்திரிச்சு ஓடுவாரு."

இருபத்தாறு வருடமாக அந்தப் பல் தப்பியதே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும்தான்.

போன மாதம் லாரிக்காரம்மா வந்தார். சொந்த வண்டியில் தானே ஜல்லி ஏற்றி ஓட்டுகிறவர். எஞ்சினுக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோல டக்டக்கென்று சத்தம். "அண்ணே, செஞ்சு ஓட்டலாமா, மாத்தணுமா? நீங்க சொல்றதுதான்" என்றார். மேஸ்திரி கம்பியைக் கடித்தார். "பேரிங்கெல்லாம் தேஞ்சு மாவாயிருக்கும். கிராங்கும் போச்சு. மாத்திரும்மா."

லாரிக்காரம்மா வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்று எஞ்சின் வாங்கினார். அதனோடு ஃப்ளைவீல் வரவில்லை. எஞ்சினின் பின்னால் சுழலும் அந்தக் கனத்த சக்கரத்தைப் பழையதிலிருந்தே கழற்றி மாட்டச் சொன்னார் மேஸ்திரி. "கட்டி இரும்பு. இதுக்கென்ன கேடு வந்துரப்போகுது?" பழைய எஞ்சின் உடைசல் வாங்கும் இரும்புக் கடைக்குப் போயிற்று.

இன்று காலை சாவியைத் திருப்பினார்கள். புது எஞ்சின் உறுமியது. உடனே அடியிலிருந்து டக்டக்டக். அதே சத்தம், அதே இடம்.

மேஸ்திரி கம்பியை எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது. பழையதிலிருந்து வந்தது ஃப்ளைவீல் ஒன்றுதான். அதை மறைத்திருந்த கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார். ஃப்ளைவீலைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது, போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழையாய் ஒரு விரிசல் தெரிந்தது. இத்தனை நாளும் தட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

"எஞ்சினும் கெட்டு, சக்கரமும் கெட்டிருக்கு. எல்லாம் என் நேரம்" என்றார் லாரிக்காரம்மா. வெல்டர் மேஸ்திரியின் காதோடு சொன்னார்: "எஞ்சினும் கெட்டதுதான்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்படியே விட்ருங்கண்ணே. வேற சக்கரம் போட்டு அனுப்பிரலாம்."

மேஸ்திரி இரும்புக் கடைக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பழைய எஞ்சினைச் சம்மட்டியால் உடைத்துக் குவித்திருந்தார்கள். குவியலைக் கிளறினார். சிலிண்டர் சுவரில் ஒரு கோடு இல்லை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குத் தண்டை விரலால் தடவினார், வழவழவென்றிருந்தது. இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் "மாத்திரு" என்று சொன்ன எந்த எஞ்சினையும் இதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. எல்லாம் நேராக இங்கேதான் வந்திருக்கின்றன. இது உறைத்ததும் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பட்டறைக்குத் திரும்பியபோது வேறு இரண்டு டிரைவர்கள் அவர் வாய் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி நேராக லாரிக்காரம்மாவிடம் போனார்.

"கையக் காட்டும்மா."

காட்டினார். பிறை வடிவில் ஒரு சின்னத் தகட்டை அந்த உள்ளங்கையில் வைத்தார் மேஸ்திரி.

"உன் பழைய எஞ்சின்ல கிராங்கைத் தாங்குன பேரிங்கு. மாவாயிருக்கும்னு சொன்னேனே, அது. தடவிப் பாரு" என்றார், அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக.

லாரிக்காரம்மா கட்டைவிரலால் தடவினார். திருப்பி மறுபடியும் தடவினார். ஒரு கீறல் இல்லை. புரிந்ததும் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றார்.