விஜயராணி ஒட்டிய அம்பு

விஜயராணிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ தையல் பிசகோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தைத்தவனிடமே திருப்பிவிட வேண்டும். கம்பெனியில் எத்தனையோ டெய்லர்களை முழி பிதுங்க வைத்தவள், வீட்டில் டெய்லரான புருசன் முனீஸிடம் அடி வாங்குவாள். நல்லூர் லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு அவளுடையது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் முனீஸ் டிவிடி பிளேயரும் தமிழ் பேசும் இங்கிலீஷ் படமும் வாடகைக்கு எடுத்து வந்தான். லைன் வீடே போய் உட்கார்ந்தோம். படத்தில் ஒரு குடும்பம், பீரோக் கதவைத் திறக்கும்போதெல்லாம் வேறொரு உலகத்தில் போய் விழுந்தது. ஒன்றில் அப்பனுக்கு மீன் தலை. இன்னொன்றில் அவன் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தான்.

விஜயராணியின் மகள் நதியா, ஏழு வயதுப் பிள்ளை, சத்தமாகக் கேட்டாள்: "எம்மா, நம்ம அப்பா அடிக்காத ஒலகத்துக்கு எந்தக் கதவுல போணும்?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முனீஸுக்கு மானம் போயிற்று. பிள்ளையின் முடியைப் பிடித்துத் தூக்கினான். தடுக்க வந்த விஜயராணியின் தலையை டிவி ஸ்டாண்டில் மோதினான். நெற்றி பிளந்தது. கீழே விழுந்தவளை வயிற்றில் மிதித்தான்.

வீட்டு ஓனர் நஞ்சப்பன், "ஏனுங்க தம்பி, டிவி மேல பட்டறப் போகுதுங்க" என்றார். அந்த மனுசனை என்னவென்று சொல்வது? நான் முனீஸின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் உதறியதில் சுவரில் போய் விழுந்தேன்.

விஜயராணி எழுந்தாள். முந்தானையால் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். கம்பெனிப் பையிலிருந்து ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அவன் வலது மணிக்கட்டில் ஒட்டினாள்.

"பழுது இங்கனதான் இருக்கு."

அவன் அதே கையை ஓங்கினான். நதியா, யாரும் சொல்லாமலே, குனிந்து முதுகைக் காட்டினாள். பழகிப்போன பிள்ளை.

அதைப் பார்த்ததும் விஜயராணி பிளேயரை ஒயரோடு பிடுங்கினாள். அந்தத் தகரப் பெட்டியின் விளிம்பால் மணிக்கட்டில் அடித்தாள். அவன் அலறி விழுந்த பிறகும் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி ஆச்சு என்று கேட்டாள். முனீஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றான்.

இத்தனை வருசமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து விஜயராணி சொல்லிவந்த பொய் அது. நெற்றியில் தையல் போட்டு முடித்ததும் அவள் நதியாவைக் கூட்டிக்கொண்டு, அனுப்பர்பாளையத்தில் இருக்கும் அக்கா சின்னத்தாய் வீட்டுக்கு பஸ் ஏறினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.