சவரிமுத்துவின் மன்றாட்டை நான் திருத்தியது

1. சாவி

காரைக்காலில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒன்பது வருடம் எழுத்தராக இருந்தேன். ஞானஸ்நான சர்டிஃபிகேட், கல்யாண ஓலை, கல்லறை அனுமதி எல்லாம் என் மேசைதான். ஆனால் முதல் நாள் சாமியார் என் கையில் கொடுத்தது ஒரு சின்னச் சாவி. அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே, ஜனங்கள் வேண்டுதலை எழுதிப் போடுகிற மன்றாட்டுப் பெட்டிக்கான சாவி அது.

"ஜெசிந்தாம்மா, செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குப் பெட்டியைத் தொறந்துடுங்க. ஆறு மணி நவநாள் ஜெபத்துல வாசிக்கிற லிஸ்ட் என் கைக்கு வந்துடணும். ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. ஒங்களுக்கு முன்ன இருந்தவரு அப்படியே காப்பி பண்ணிக் குடுத்துட்டாரு. நான் மைக்குல ஒரு மாமியாளோட பேரு, தெருவு எல்லாத்தையும் வாசிச்சுத் தொலைச்சேன். மூணு வாரம் பஞ்சாயத்து" என்றார்.

பெட்டியில் எல்லாமே வரும். துபாய் விசா, பிரெஞ்சு பென்ஷன் பேப்பர், பத்தாம் வகுப்புப் பரீட்சை, குழந்தை பாக்கியம். கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்கள் நெற்றிக் குங்குமத்தோடு வந்து போட்டுவிட்டுப் போவார்கள். சில கடிதங்கள் 'இன்ஷா அல்லாஹ்' என்று முடியும். அந்தோணியாருக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் மூன்று கட்டாகப் பிரிப்பேன். நன்றி ஒரு கட்டு, விண்ணப்பம் ஒரு கட்டு, வாசிக்கக் கூடாதது ஒரு கட்டு. மூன்றாவது கட்டைத் தூக்கிப் போட மனம் வராது, திருத்தி எழுதுவேன். 'அவன் நாசமாப் போகணும்' என்று இருந்தால் 'குடும்பச் சமாதானத்துக்காக' என்று டைப் செய்வேன். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்பது 'சோதனையில் பொறுமை கிடைக்க' என்று ஆகும். அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்று மூலத்தை உடனே கிழித்துவிடுவேன். இந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

2. எட்டு மாதம்

சவரிமுத்து தலத்தெருக்காரர். விசைப்படகு டீசல் இன்ஜின் மெக்கானிக். மனைவி லூர்துமேரிக்கு இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் இருந்தாள். எட்டு மாதம், ஒரு செவ்வாய் தவறாமல் அவர் கடிதம் பெட்டியில் இருக்கும். 'லூர்துக்குச் சரியாகணும்', அவ்வளவுதான் எழுதியிருப்பார். தாளில் கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருக்கும். நானும் எட்டு மாதம் அதை டைப் செய்தேன்.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரம் லூர்துமேரி இறந்துபோனாள். அடக்கத்துக்குப் பிறகு இரண்டு செவ்வாய் அவரிடமிருந்து கடிதம் இல்லை. மூன்றாவது செவ்வாய் இருந்தது.

'அந்தோணியாரே, மேல இருக்கிறவர்கிட்ட சொல்லும். எட்டு மாசம் கேட்டேன். என்னால முடியாத இன்ஜின் வந்தா முடியாதுன்னு மொத நாளே சொல்லி அனுப்பிடுவேன். இவரு வாயத் தொறக்கல. கடைசி நாள் லூர்து தண்ணி கேட்டா. ஒரு மடக்குக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. பொழச்சுக்குவான்னு நம்பி நான் குடுக்கல. தாகத்தோட போயிட்டா. நம்பச் சொன்னது இவருதான். எனக்குப் பதில் சொல்லணும். எனக்கு இவரு மேல கோவம்.'

உள்ளதைச் சொல்கிறேன், படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மணி நாலரை, லிஸ்ட் முடியவில்லை. இப்படி டைப் செய்தேன்: 'மறைந்த லூர்துமேரியின் ஆன்மா இளைப்பாற்றி அடையவும், அவர் கணவர் சவரிமுத்து இறைசித்தத்தை மனமுவந்து ஏற்கும் வரம் பெறவும்.' வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். மூலத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

3. நடுக்கோயிலில்

சாமியார் அதை வாசித்து முடிக்கவும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"சாமி, நிறுத்துங்க. அத நான் எழுதல."

கோயிலே திரும்பிப் பார்த்தது.

"மனமுவந்து ஏத்துக்கிறேன்னு நான் எங்க எழுதுனேன்? திட்டி எழுதுனேன் சாமி. எவன் மாத்துனது?"

"சவரி, உக்காருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"எட்டு மாசமா அப்புறம் அப்புறம்னுதான் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என் முன்னால் இருந்த பெண், "பாவம், பொண்டாட்டி போனதுல புத்தி கலங்கிருச்சு" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் வந்து நின்றார்.

"அக்கா, என் கடுதாசியக் குடுங்க."

"கிழிச்சாச்சு தம்பி."

"கிழிச்சிட்டீங்களா?"

குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும். "நீ எழுதித்தான் கடவுளுக்குத் தெரியணுமா? அவருக்குத் தெரியாததா?" என்று கேட்டேன்.

"அப்ப எதுக்குக்கா பெட்டி வச்சிருக்கீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"அவர வேணாம்னு ஒதுக்குறவன் எதுக்குக்கா கடுதாசி போடப்போறான்? வீட்டுல பேசறதுக்கு ஆளில்ல. கோவிச்சுக்கக்கூட எனக்கு அவரு ஒருத்தருதான் மிச்சம். அங்கயும் என் பேருல நீங்க பொய் சொல்லிட்டீங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

போய்விட்டார். சொன்னால் செய்கிற ஆள் என்பது ஊருக்கே தெரியும். அந்த மனுஷன் கடவுளோடு பேச வைத்திருந்த ஒரே வழியை நான்தான் அடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

4. மறுபடி எழுதியது

சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"நம்ம ஆண்டவரே சிலுவையில தொங்கிக்கிட்டு, ஏன் என்னைக் கைவிட்டீர்னுதானேம்மா கேட்டாரு. அத யாரும் திருத்தல" என்றார். பிறகு, "அவரு எழுதுனத அப்படியே வாசிச்சிடுவோம். ஆனா நான் வாசிக்கல. மாத்துனது நீங்க, நீங்களே வாசிங்க."

"ஐயோ சாமி, மைக்குலயா?"

"மைக்குலதான்."

கிழித்த கடிதத்துக்கு எங்கே போவது? ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். சவரிமுத்து ஒரு படகின் இன்ஜின் ரூமுக்குள் இடுப்பு வரை இறங்கியிருந்தார். படகுக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கரையில் நின்றுகொண்டே சொன்னேன்.

"தம்பி, நான் செஞ்சது தப்பு. மறுபடி சொல்லு, எழுதிக்கிறேன். செவ்வாய்க்கிழமை நானே வாசிக்கிறேன்."

அவர் நிமிரவில்லை. ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போது சொல்ல ஆரம்பித்தார். எழுதிக்கொண்டேன். தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் ஸ்பேனர் நின்றது. வெகுநேரம் நின்றது. அதுவரை ஆபீஸ் வேலை மாதிரி எழுதிக்கொண்டிருந்த எனக்கு அங்கே கண் நிறைந்துவிட்டது. முழுவதும் முடிந்ததும் தலையை வெளியே நீட்டினார்.

"திருத்திட மாட்டீங்களே?"

"ஒரு புள்ளிகூட மாட்டேன்."

5. வாசித்தது

செவ்வாய்க்கிழமை அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே மேடை ஏறினேன். சாமியார் வழக்கமான லிஸ்டை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 'எனக்கு இவரு மேல கோவம்' என்பதுவரை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன்.

ஒவ்வொரு மன்றாட்டுக்கும் பிறகு, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சபை சொல்ல வேண்டும். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கடவுளைத் திட்டினதற்கு அதைச் சொல்லலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சவரிமுத்து. உள்ளே வராமல் வாசலில் நின்றிருந்தார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். கெஞ்சுகிற குரலே இல்லை, அதட்டல். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து சொன்னார்கள். பிறகு கோயில் முழுவதும் சொன்னது. நானும் சொன்னேன்.

அவர் சமாதானமாகிவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். அன்று பதில் எதுவும் வந்ததாகவும் அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய் பெட்டியில் கிரீஸ் பதிந்த கடிதம் இருந்தது. நான் ஓய்வு பெறும்வரை வந்துகொண்டிருந்தது, பாதிக்குப் பாதி கடவுளோடு சண்டைதான். மைக்கில் வாசிக்க முடியாத கடிதங்களை அதற்குப் பிறகு நான் திருத்தவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. உறையில் போட்டுப் பீடத்தில் வைத்துவிடுவேன்.

இந்த வேலைக்கு இனி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பேரையும் தெருவையும் மறையுங்கள், எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். கோபத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் கடிதம் உங்களுக்கு எழுதியது இல்லை.