பங்காக் கயிற்றுத் துளை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது போன ஜூன் மாதம், அதுவும் பட்டப்பகலில். பாளையங்கோட்டை ஜெசி என்ஜினீயர்; பேய் என்றால் சிரிக்கிறவள்.

கொற்கை தாண்டிக் கடலோரத்தில் பெனோ ஒரு பழைய துரை பங்களாவை வாங்கியிருந்தான். மூன்று வாரத்தில் அவனுக்கும் ஜெசிக்கும் கல்யாணம். பங்களாவை விடுதியாக்க வேண்டும். வரைபடம் இல்லாமல் கொத்தனார் கை வைக்க மாட்டேன் என்கிறார், நீயே அளந்து தா என்றான். கட்டிக்கொள்ளப் போகிறவன் கேட்டால் மாட்டேன் என்பாளா?

நூற்றைம்பது வருடக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர் இன்னும் வழுவழுவென்று இருந்தது. மாடியில் கடல் பார்த்த கூடம். உத்தரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள், பங்கா என்னும் துணி விசிறி தொங்கிய இடம். பின்பக்கத்துச் சிறு அறையில் ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் விசிறி ஆடும். அந்தக் கயிறு போகச் சுவரில் ஒரு துளை. சுவரின் கனம் பார்க்க அது வசதி.

"நான் பின்னால சுத்திப் போய்ப் புடிக்கேன். டேப்ப விட்டுராத, இப்ப வந்துருதேன்" என்று பெனோ போனான்.

ஜெசி இரும்பு டேப்பைத் துளைக்குள் செலுத்தினாள். மறுபக்கம் ஒரு கை பிடித்தது. இரண்டரை அடி.

"போதும், விடு."

விடவில்லை. இழுத்தது... தளர்ந்தது... மறுபடி இழுத்தது.

"பெனோ, விளையாடாத."

உச்சந்தலையில் காற்று பட்டது. சன்னல்கள் மூடியிருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். வெறும் வளையங்கள்... ஆடின.

சன்னல் இடுக்கில் பார்த்தாள். கீழே கேட்டருகில் பெனோ நின்றான். பக்கத்தில் கொத்தனார் சுடலைமணி.

டேப்பைப் போட்டாள். அதன் பெட்டி சுவரில் மோதியது.

டக்... டக்... டக்...

கதவுக்கு ஓடினாள்.

வெளியே பூட்டு.

அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் பெனோ வந்து திறந்தான்.

"நீ பின்னால போவவே இல்லையா?"

"அந்தத் தொளையில வெவரம் தெரியாத ஆளு ஒருக்கப் புடிச்சாத்தான் அது அடங்கும், வேலை ஓடும்னு கொத்தனாரு சொன்னாவ. எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே."

பேயைக் கண்டு நடுங்கிய நெஞ்சு இதைக் கேட்டு உடைந்தது. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். கீழிறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அந்தச் சிறு அறை என்றைக்கோ இடிந்து விழுந்திருந்தது. துளை தரையிலிருந்து மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. நிற்க இடமே இல்லை.

பஸ் ஏற்றிவிட வந்த சுடலைமணி, அவள் முகத்தைப் பார்க்காமல் மிச்சத்தைச் சொன்னார்.

"தொரை கப்பலேறுன அன்னைக்கி பங்காக்காரன அந்தப் பின்னால உள்ள ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போய்ட்டாராம்மா. பூட்டும்போது ஒரு வார்த்தை சொன்னாராம். 'கயித்த விட்டுராத, இப்ப வந்துருதேன்'னு."

பெனோ தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதை ஜெசி அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.