கடலில் நனைந்த சீட்டு

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கையில், நடக்க முடியாதவர்கள் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நடக்க மனசில்லாதவர்களும் கொடுப்பார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து பன்னிரண்டு நாள் வெறுங்காலில் போவது ஒருத்தர், வரம் வாங்குவது இன்னொருத்தர். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் மாதா கோயிலில் இருக்கும் விண்ணப்பப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வழியில் பிரித்துப் படிப்பது பாவம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் அவருடைய அக்காவான அத்தையும் காவி உடுத்திப் புறப்பட்டார்கள். அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை. துணைக்குப் பெரியம்மா வந்திருந்தாள். நானும் நடப்பேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்து ஒரு காவிப் பாவாடை வாங்கிக்கொண்டேன். பெற்ற பெண்ணே நடந்து வந்து கேட்டால் மாதா கொஞ்சம் சீக்கிரம் மனசு இரங்குவாள் என்பது என் நினைப்பு.

சீட்டுகளைச் சுமக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மஞ்சள் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தபால்காரம்மா என்று எல்லோரும் கேலி செய்தார்கள். எதிர் வீட்டு அக்கா வருஷா வருஷம் முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறவள். அவளும் ஒரு சீட்டை நீட்டினாள். "எந்த சாமியா இருந்தா இன்னா, காரியம் நடந்தா செரி" என்றாள்.

கடைசிச் சீட்டு அம்மாவுடையது. எழுதுவதற்கு என் இங்க் பேனாவைக் கொடுத்தேன். அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை. அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு, நடுநடுவே அத்தையிடம் ஏதோ கேட்டுக் கேட்டு, நாலு வரி எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். நான் கிட்டே போனதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சீட்டை எட்டாக மடித்து அம்மாவே என் பையில் போட்டாள். "பத்ரமா கொண்டுபோய் சேத்துடு கண்ணு" என்றாள். அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது.

கேளம்பாக்கம், திருப்போரூர் என்று நடந்து மூன்றாம் நாள் மதியம் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். யாத்திரைக்காரர்கள் தங்குவதற்கென்று அங்கே தகரக் கூரை போட்ட நீளமான கூடம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். கால் கொப்புளத்துக்குக் கடல் தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்ல, பாயை விரித்த கையோடு பெண்கள் எல்லோரும் கரைக்குப் போனோம். முட்டிக்கு மேல் இறங்கக் கூடாது என்று அத்தை சொல்லித்தான் விட்டாள். மூன்று நாளாகத் தார் ரோட்டில் வெந்த கால் அந்தத் தண்ணீரில் பட்டதும் நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன். கழுத்தில் பை இருந்ததையும்தான். ஒரு அலை வந்து என்னைக் குப்புறத் தள்ளி உருட்டியது. அத்தை சடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்து, சீட்டுகளைப் பிரித்து, பறக்காமல் இருக்கச் சீட்டுக்கொரு கூழாங்கல் வைத்துக் காயப்போட்டோம். யாரும் படிக்கக் கூடாது என்று அத்தை மிரட்டினாள். கூடத்துப் பெண்களோ கொப்புளத்தில் ஊசிநூல் கோக்கும் சாக்கில் பாயைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தார்கள். மறைமலைநகர் கம்பெனியில் மகனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று ஒரு சீட்டு. எதிர் வீட்டு அக்கா, மாமியாருக்கு மகள் வீட்டின் மேல் திடீர்ப் பாசம் வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். அத்தையே சிரித்துவிட்டாள்.

எல்லாம் பால்பாயின்ட் பேனா எழுத்து, அப்படியே இருந்தது. அம்மாவின் சீட்டு மட்டும் முழுக்க நீலமாகிவிட்டது. ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லை.

அத்தை அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. "அவ இன்னா பாடுபட்டு எழுதனா தெரியுமாடி ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, அடித்த இடத்தையே தடவிக்கொண்டு அவளும் அழுதாள். சத்தம் கேட்டு வந்த அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன் போட்டுக் கேட்டு வேறு சீட்டு எழுதினால் ஆயிற்று, இதற்குப் போய்ப் பிள்ளையை அடிப்பார்களா என்று சொல்லி, வீட்டுக்குப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்ன எழுதியிருந்தாய், சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"நீ இன்னா எழுதலாம்னு கீற?" என்றாள்.

"ஒனக்கு ஒடம்பு நல்லாவணும்னு."

"நானும் அதான் கண்ணு எழுதனேன். அதையே எழுதிடு. கால் வலிக்குதா?"

வலிக்கவில்லை என்று பொய் சொன்னேன். இரண்டு காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

பால்பாயின்ட் பேனாவை இரவல் வாங்கி, கொட்டை கொட்டையாக எழுதி, பிழை இருக்கிறதா பார் என்று அத்தையிடம் நீட்டினேன். அவள் பார்க்காமலே சரியாக இருக்கிறது என்றாள். அடுத்த ஒன்பது நாளும் அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். வேளாங்கண்ணியில் என் கையாலேயே பெட்டியில் போட்டேன். அத்தையும் ஒரு சீட்டு போட்டாள். என்ன கேட்டாய் என்றதற்கு மூட்டுவலி போக வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஸ்டார் கட்டுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அம்மா கைப்பட எழுதியதை நான் கடலில் விட்டதால்தான் மாதா கேட்கவில்லை என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி போர்வைக்குள் அழுவேன்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் எதுவுமே கூப்பிடவில்லை. 'இந்தாங்க' என்பதோடு சரி. அவள் பின்னிவிட்ட சடையைத் தெருமுனையில் நின்று அவிழ்த்து நானே பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். அவள் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை. அதையும் நான் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் சித்தி நிற்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சித்தி எழுந்து உள்ளே போனாள். அத்தை என்னைத் தனியாகக் கூட்டிப்போய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். டாக்டர் கைவிரித்தது சீட்டு எழுதிய அன்றைக்கே அம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன அத்தைக்கும் தெரியுமாம். இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வருவாள், வருகிறவள் என் பிள்ளையை அடிக்காதவளாக இருக்க வேண்டும் என்றுதான் அம்மா எழுதினாளாம். பெட்டியில் அத்தை போட்டதும் அதையேதான்.

"ஒங்கம்மா கேட்டு வாங்கனதுடி அவ" என்றாள் அத்தை.

அந்தச் சீட்டைக் கழுத்தில் சுமந்துகொண்டு மாமல்லபுரம் வரைக்கும் நடந்தவள் நான். உடம்பு முடியாதவர்கள் தங்கள் உடம்புக்குத்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.