லிஃப்ட் வரைக்கும் வெனிஸ்

"பொதுச் சுவர்களில் படம், பலகை, அறிவிப்பு எதையும் செயற்குழுவின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி ஒட்டவோ மாட்டவோ கூடாது." ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் விதி இது. 'எழுத்துமூலமான' என்பதையும் 'முன்' என்பதையும் சேர்க்கச் சொன்னவன் நான்தான். மேல்மாடிக்காரர் ஒருவர் லிஃப்ட் பக்கத்தில் தன் அபிமான நடிகரை ஆளுயரத்துக்கு ஒட்டிவைத்திருந்த காலம் அது. அரசுப் பணியிலேயே தலை நரைத்தவனுக்கு, விதியில் சந்து விடக் கூடாது என்பது தெரியும்.

பிறகு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் வாக்கரைப் பிடித்தபடி கழிவறை வரை போவாள். திரும்பி வந்து படுத்துவிடுவாள். பயிற்சி கொடுக்க வரும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இப்ப காலுக்கு வேலை குடுக்கலன்னா அப்புறம் கட்டிலே கதின்னு ஆயிடும். வெளியே எவ்ளோ நீள வராண்டா இருக்கு! தினம் லிஃப்ட் வரைக்கும் போய்ட்டு வாங்களேன்."

"அங்க என்னம்மா இருக்கு பார்க்க? நாலு கதவு, ஒரு மீட்டர் பெட்டி."

அவள் முப்பது வருஷம் பூகோளம் கற்பித்தவள். ஓய்வு பெற்றதும் வெனிஸ் போவதாக இருந்தோம். அந்த ஊரின் கால்வாய் எங்கே வளைகிறது, எந்தப் பாலத்துக்கு அடுத்து எந்தப் பாலம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பாஸ்போர்ட் இப்போதும் பீரோவில், புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

வெனிஸ் படங்களைப் பெரிதாக அச்சடித்து வராண்டா நெடுக மாட்டலாம் என்று தோன்றியது. முறைப்படி விண்ணப்பித்தேன். பதில் இல்லை. நினைவூட்டலும் அனுப்பினேன். லிஃப்டில் என்னிடம் மாட்டிக்கொண்ட சங்கச் செயலாளர், "கமிட்டி கூடணும் சார். ரூலு நீங்க போட்டதுதானே?" என்று சிரித்தார். கோப்பு எங்கே படுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் பல கோப்புகளைப் படுக்கவைத்தவன். ஆனால் மனைவியும் படுத்திருந்தாள். இரண்டும் சேர்ந்து எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. அலுவலகத்தில் இதற்குப் பின்னேற்பு என்று ஒரு வழி உண்டு. முதலில் செய்துவிடுவது, அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்வது. மற்றவர்கள் கேட்டபோதெல்லாம் நான் மறுத்த வழி.

மயிலாப்பூரில் கோயில் பக்கம் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிறவரிடம் அச்சடித்த படங்களைக் கொடுத்தேன். அவரே வந்து மாட்டினார்.

"இன்னா சாமி சார் இது? கோயிலச் சுத்தித் தண்ணியா கீது?"

"சாமி இல்லப்பா, ஊரு."

"ஊருக்கா ஃப்ரேமு?" என்று கேட்டுக்கொண்டே தங்கக் கரை போட்ட சட்டங்களை ஏணியில் ஏறி, தலைக்கு மேலே, சற்று முன்பக்கம் சாய்த்து மாட்டினார். அவர் வேறு மாதிரி மாட்டியதில்லை. நான் வேறு மாதிரிப் பார்த்ததில்லை. எதிர் ஃபிளாட் அம்மாள் கதவைத் திறந்து பார்த்தார். தேனாம்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் உருது பேசும் குடும்பம். "அல்லா! அக்காவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று பதறினார்.

மனைவியை வாசலுக்கு அழைத்துவந்தேன். வாக்கர் மேல் குனிந்து நின்றவளுக்குச் சுவரில் சுண்ணாம்புதான் தெரிந்தது.

"யாருக்குங்க மாட்டினீங்க? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"தலையத் தூக்கிப் பாரேன்."

"தூக்கினா விழுந்துடுவேன். இந்த உசரத்துல மாட்டறது சாமியையும் செத்துப்போனவங்களையும்தான். வெனிஸ் ரெண்டுலயும் சேத்தி இல்ல."

எதிர்வீட்டம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா சொல்றது கரெக்ட். மாலை ஒண்ணுதான் பாக்கி!"

சட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். மனைவி முதல் படத்தருகே போனாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டாவது. மூன்றாவதில் அவள் முகம் மாறியது. விடைத்தாளில் தப்பைக் கண்டுபிடித்த முகம். எத்தனையோ நாளாக நான் பார்க்காதது.

"சதுக்கத்துக்கு அப்புறமா ரியால்டோ பாலம்? யார் வச்ச வரிசை இது?"

"நான்தான். கலர் பார்த்து வச்சேன்."

"கலரா! ஸ்டேஷன்ல இறங்கி இந்த வழியாப் போனா மனுஷன் ஊர் போய்ச் சேருவானா? மாத்துங்க."

"நீ உள்ள உட்காரு, நாங்க மாத்திட்டுக் கூப்பிடறோம்."

"நீங்க ரெண்டு பேரும் மாத்தின லட்சணம் பார்த்தேனே" என்று வாக்கரை முன்னே நகர்த்தினாள். ஒவ்வொரு படமாக நின்று, இதை அங்கே, அதை இங்கே என்று சொல்லியபடி போனாள். கடைசிப் படம் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று கவனித்தாள். எதிர்வீட்டம்மாள் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவளாகவே கதவைத் திறந்தாள். ஏதோ ஒரு படம் கோணலாக இருப்பதாகச் சொன்னாள். அதன்பிறகு தினமும் ஏதாவது ஒன்று கோணலாக இருந்தது. நிமிர்த்திவிட்டு வந்து, இன்றைக்குப் படகுக்காரன் சட்டை இன்னும் அழுக்காகத் தெரிகிறது என்பாள். செயற்குழுவினர் எல்லோரும் அந்தப் படங்களைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போனார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு காலை கட்டில் காலியாக இருந்தது. வராண்டாவிலும் அவள் இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் நான் ஓட, லிஃப்ட் திறந்தது. உள்ளே வாக்கரும் அவளும் ஒரு முழம் மல்லிகையும். பூக்காரி கூவினாள், இறங்கினேன் என்றாள். கேட்டில் காவலாளி கொடுத்ததாக ஓர் உறையையும் நீட்டினாள். சங்கத்தின் பதில். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். முடிவு தெரியும்வரை படம் எதையும் மாட்ட வேண்டாமாம்.

அது வந்த நாள் ஆடிப்பெருக்கு, ஊரே தண்ணீரைக் கும்பிடும் நாள்.