சுண்டுவிரல் எழுந்தால்

அக்கம்பக்கத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் வசியக்காரம்மா. அறைக் கதவில் 'மனநல ஆலோசகர்' என்று பெரிய எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறாள்; யார் படிக்கிறார்கள்? படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் காணாமல்போன சங்கிலி எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொல்லி வருகிறார்கள். இன்னும் சிலர், புருஷன் மனதில் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லி. அதெல்லாம் போக மிச்சம் இருப்பவர்கள்தான் நோயாளிகள்.

கீழே கைப்பேசி பழுது பார்க்கும் கடை. மேலே அவள் அறை. சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, கால்மேல் போர்த்த ஒரு போர்வை, சத்தம் போடாதது வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய, இப்போது நன்றாகவே சத்தம் போடும் ஒரு மின்விசிறி. காரணமே பிடிபடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலையும் மேலாளர், லிஃப்டைக் கண்டாலே வியர்த்துக் கொட்டும் வழக்கறிஞர், தீக்காயக் கட்டை மாற்றப் பயந்து நடுங்கும் பெண் என்று பலரும் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்கள். மூச்சைக் கவனிக்கச் சொல்வாள். தோள் தளர்வதை, கை கனப்பதைக் கவனிக்கச் சொல்வாள். எல்லோருக்கும் முதல் நாள் ஒரே பல்லவிதான்.

"இது ஹிப்னாஸிஸ். நான் உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். நான் பேசுறது மொத்தமும் உங்களுக்குக் கேட்கும். சொல்ல வேண்டாம்னு நீங்க நினைக்கிறதை யாராலயும் உங்ககிட்டேருந்து பிடுங்க முடியாது."

அந்த நிலையில் வாயைத் திறந்து பேசுவது சிலருக்குக் கஷ்டம். அதனால் விரல்களோடு ஒப்பந்தம். ஆமாம் என்றால் ஆள்காட்டி விரல் எழும். இல்லை என்றால் கட்டைவிரல். சொல்ல விருப்பமில்லை என்றால் சுண்டுவிரல். சுண்டுவிரல் எழுந்துவிட்டால் அதற்கு மேல் துருவக் கூடாது. இது அவளே போட்டுக்கொண்ட விதி, இத்தனை வருடத்தில் மீறியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் தன் கைப்பேசியை அணைத்துவிடுவாள். சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம் அப்படி அணைத்து வைத்திருந்தபோதுதான் அண்ணன் வீட்டில் அம்மா இறந்துபோனாள். வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால், அண்ணன் விடாமல் அழைத்திருந்தது வரிசையாகத் தெரிந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினாள்.

"அம்மா உன்னைத் தேடல," என்றான் அண்ணன். "தூக்கத்துலயே நிம்மதியா போயிட்டாங்க."

தூக்கத்தில் போகிறவருக்காக யாராவது விடாமல் ஃபோன் செய்வார்களா? பிறத்தியார் மனதைப் படிக்கிறவளுக்கு இது தெரியாதா என்ன. ஆனால் கேட்கவில்லை. அண்ணன் சொன்னதை நம்பினால், கடைசி நேரத்தில் அம்மாவுக்குத் தன் நினைப்பே வரவில்லை. நம்பாவிட்டால், நினைப்பு வந்தது, தான்தான் போகவில்லை. இரண்டில் எது தேவலை என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அண்ணனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. தங்கையைப் பார்த்தால், "இன்னைக்கு எத்தனை பேரை மயக்கின?" என்பதுதான் நலம் விசாரிப்பு. அப்படிப்பட்டவனுக்குக் கடைவாய்ப் பல் அழுகி, கன்னம் வீங்கியது. மாத்திரையில் வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. மரத்துப்போகும் ஊசி அவனுக்கு ஆகவே ஆகாது. முன்பு ஒரு முறை போட்டு, முகம் உப்பி, மூச்சு முட்டிப் பிழைத்து வந்தான். பெரிய மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்க அவன் முறை வருவதற்குள் பல் தானாகவே விழுந்துவிடும் போலிருந்தது. பல் டாக்டரம்மாதான் தங்கையின் தொழிலைக் கேள்விப்பட்டு யோசனை சொன்னார்.

"சொந்தக்காரங்களுக்கு நான் செய்யக் கூடாது, அண்ணா," என்றாள் அவள்.

"ஊரையே மயக்குற. எனக்குன்னா மட்டும் சட்டம் பேசுவியா?"

வேறு யாரையும் அவன் நம்பத் தயாராக இல்லை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாள். அவன் வீட்டுக்கே போய், சாயங்காலங்களில் உட்கார வைத்து, விரல் ஒப்பந்தத்தையும் சொல்லிப் பழக்கினாள். முதல் நாள் சிரித்துச் சிரித்துக் காரியத்தைக் கெடுத்தான். அப்புறம் வலி அவனை வழிக்குக் கொண்டுவந்தது.

பல் பிடுங்குகிற அன்று டாக்டரம்மாவின் நாற்காலியில் அவன் கண்ணை மூடியதும், அவள் அவனைக் கிடங்குக்கே கூட்டிப்போனாள்.

"இடது கை உறையைக் கழட்டு, அண்ணா. அந்த இரும்பு அலமாரியில கையை வை. ஜில்லுங்குது. விரல் நுனி மரத்துப்போகுது... இப்ப உள்ளங்கையும். கை உன்னுதே இல்ல. அந்தக் கையை எடுத்துக் கன்னத்துல வை. மரப்பு முழுக்க உள்ள இறங்கட்டும்."

கை மெதுவாக எழுந்து கன்னத்தில் உட்கார்ந்தது. நன்றாக இறங்கிவிட்டதா என்று கேட்டாள். வயிற்றின்மேல் கிடந்த வலது கையில் ஆள்காட்டி விரல் எழுந்தது. கையை இறக்கச் சொன்னாள். டாக்டரம்மா இடுக்கியை எடுத்தார். பல் சுலபத்தில் வரவில்லை. அசைத்து, திருகி, இழுக்க வேண்டியிருந்தது. அண்ணனின் நெற்றி லேசாக வியர்த்தது, அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது டாக்டரம்மாதான்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் செய்துவிட்டு அவர் கை கழுவப் பக்கத்து அறைக்குப் போனார். அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. முகம் அம்மாவின் முகம் மாதிரியே தளர்ந்து கிடந்தது. கண்டதும் இவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கேள்வி.

"அண்ணா, அன்னைக்கு அம்மா என்னைத் தேடினாங்களா?"

இது தூக்கம் இல்லை, எல்லாம் காதில் விழும் என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள்தான். தன் காரியம் என்று வந்ததும், தூங்குகிறவனிடம் திருடுகிற மாதிரி கேட்டுவிட்டாள்.

ஆள்காட்டி விரல் லேசாகத் துடித்து அடங்கியது. பிறகு சுண்டுவிரல் எழுந்தது.

தேடவில்லை என்றால் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போயிருக்கலாமே, அதற்கு என்ன கேடு? ஆனாலும் அவள் குரல் பழகிய குரல். கன்னத்து உணர்வைத் திரும்ப வரச் சொல்லி, எண்ணி எண்ணி, அவனை மேலே கொண்டுவந்தாள். கண் திறந்தவன் அவளையே பார்த்தான். டாக்டரம்மா வந்து, பஞ்சை எடுக்கும்வரை வாயைத் திறக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

காரை அவள் ஓட்டினாள். அண்ணன் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டிருக்கக் கூடாது," என்றாள். "உனக்குக் கேட்டிருக்கும்னு தெரியும். மன்னிச்சுடு, அண்ணா."

அவன் திரும்பவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தாள். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கால்மேல் இருந்த கையில் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தியிருந்தான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்க்கவில்லை. அம்மா தேடியிருக்கிறாள். அந்த வலியைத் தங்கைக்குத் தராமல் இத்தனை வருடம் இவன் ஒருவனே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ரொம்ப நேரம் தேடினாங்களா, அண்ணா?"

ஆள்காட்டி விரல் இறங்கியது. சுண்டுவிரல் எழுந்தது. விளக்கு பச்சைக்கு மாறியும் இறங்காமல் அப்படியே நின்றது.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.