நாற்பத்து நாலாவது ஜெயித்த வருஷம்

ஆர்லிஸ் டன்னவேயிடம் கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஹாஸ்கெட் கல்லூரி ஃபுட்பால் அணி எந்த வருஷம் எத்தனை ஆட்டம் ஜெயித்தது, எத்தனை தோற்றது என்று கேட்டால் வாய் மூடுவதற்குள் பதில் வரும். அந்தக் கல்லூரியில் அவர் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. கோழித்தீவன ஆலையில் லாரி ஓட்டுகிறவர். அலபாமாவில் எங்கள் பக்கத்தில் நீ எங்கே படித்தாய் என்று எவனும் கேட்க மாட்டான். நீ எந்தக் கல்லூரிக்காரன் என்றுதான் கேட்பான்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஹாஸ்கெட், அந்தக் கரையில் டெல்வின். இரண்டும் டிவிக்காரன் எட்டிப் பார்க்காத சின்னக் கல்லூரிகள். ஆனாலும் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கோப்பைக் கணக்கு இல்லை, ஜெயித்த வருஷங்களின் கணக்கு. தோற்றதைவிட ஒரு ஆட்டமாவது கூடுதலாக ஜெயித்தால் அது ஜெயித்த வருஷம். சரிபாதி என்றால் செல்லாது. இந்தச் சரிபாதி விவகாரத்தில்தான் ஆர்லிஸுக்கும் டெல்வினில் இருக்கும் அவர் மச்சான் ஹோய்ட்டுக்கும் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து சாப்பாட்டு மேசையில் சண்டை வரும்.

"அஞ்சு ஜெயிச்சு அஞ்சு தோத்தா அது தோத்த வருஷம் இல்லையே மச்சான்?" என்பார் ஆர்லிஸ்.

"தோக்கலைதான். ஜெயிச்சியா? அதைச் சொல்லு. பாதி வெந்த கோழிய என் தங்கச்சி தட்டுல வச்சா தின்னுருவியா நீ?"

"இவங்க ரெண்டு பேரையும் ஒரே சட்டியில போட்டு வறுக்கணும்," என்பாள் வெர்னீ. அவள் ஹோய்ட்டின் தங்கை, ஆர்லிஸின் மனைவி.

மகன் கென்டலுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே ஆர்லிஸ் இந்தக் கணக்கை ஊட்டி வளர்த்தார். மற்றப் பிள்ளைகள் ஜெபம் சொல்லிவிட்டுப் படுக்கும்; இவன் ஜெபத்துக்குப் பின்னால் பத்து வருஷத்து வெற்றி தோல்வியும் ஒப்பித்துவிட்டுத்தான் படுப்பான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வான். அந்தப் பையனே வளர்ந்து ஹாஸ்கெட் அணியில் சேர்ந்தான். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள்; பந்தோடு வருகிறவனை மோதிச் சாய்ப்பது அவன் வேலை. ஆர்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை. பந்து நகர்ந்த தூரத்தை அளக்கும் சங்கிலியின் கம்பைப் பிடித்துக்கொண்டு மைதானக் கோட்டோரம் நிற்கும் சம்பளமில்லா வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளை ஆடுவதை இதைவிடப் பக்கத்தில் நின்று எந்த அப்பன் பார்க்க முடியும்?

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். கணக்கு இரண்டு கரையிலும் நாற்பத்து மூன்று. அந்த வருஷமும் இரண்டு அணியும் ஐந்து ஜெயித்து நாலு தோற்றிருந்தன. கடைசி ஆட்டம் ஒருவரோடு ஒருவர். ஜெயித்தவனுக்கு நாற்பத்து நாலு. தோற்றவனுக்குச் சரிபாதி, அதாவது ஒன்றுமில்லை. ஊரே சோறு தண்ணீர் மறந்து கிடந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஆட்டத்தில்தான் கென்டலுக்குத் தலையில் அடிபட்டது. எழுந்து நின்றான், தள்ளாடினான், சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்லிஸுக்கு ஒரு போன் வந்தது. கென்டல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த பழைய வீட்டிலிருந்து, இப்போது அங்கே இருப்பவர்கள் பேசினார்கள். உங்கள் பையன் வந்து கதவைத் திறக்கப் பார்க்கிறான், போகச் சொன்னாலும் போகவில்லை என்றார்கள். ஆர்லிஸ் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். கென்டல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கதவு பூட்டியிருக்குப்பா," என்றான். "அம்மா எங்க போயிட்டாங்க?"

ஆர்லிஸ் அவனைக் கையைப் பிடித்து எழுப்பினார். அந்த வீட்டுக்காரர்களிடம், "பய விளையாடுறான், மன்னிச்சுக்கங்க," என்று சிரித்துச் சமாளித்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கேட்டார்.

"எழுபத்தொண்ணு?"

"எட்டு வெற்றி, ரெண்டு தோல்வி."

"எழுபத்தாறு?"

"சரிபாதி. மாமா இன்னும் சொல்லிக்காட்டுவாரே!"

ஒன்றுகூடத் தப்பவில்லை. மூளை கலங்கியவன் இப்படிச் சொல்வானா என்று ஆர்லிஸ் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். வெர்னீயிடம் மூச்சு விடவில்லை. ஆபத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. அணிக்குக் கட்டுப்போடும் கிளோவிஸ் முடிதிருத்தும் கடையில் சொன்னது காதிலேயே நின்றது. மூன்று ஊர் தள்ளி ஒரு பையனுக்கு முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்ததாம். மைதானத்தை விட்டு அவன் நடந்து வரவில்லையாம்.

சனிக்கிழமை காலை வெர்னீ பிஸ்கட் மாவைப் பிசைந்தபடி சொன்னாள். "புள்ள முகமே சரியில்லைங்க. நான் ஒண்ணு கேட்டா, எங்கயோ இருந்து திரும்பி வந்து பதில் சொல்றான்."

"ஆட்டத்து நெனப்பு. எனக்கே சோறு எறங்கல."

"கிளோவிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அன்று அந்த மைதானத்தில் இருந்த எங்களில் எவன் சொல்லியிருப்பான் என்று கேட்டால் என் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியாது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. ஹாஸ்கெட் மூன்று புள்ளி முன்னால். பந்து டெல்வின் கையில், எங்கள் எல்லைக்கு மிக அருகில். அப்போதுதான் கென்டல் ஒருவனை மோதிச் சாய்த்தான். சாய்ந்தவன் எழுந்தான். கென்டல் எழச் சற்று நேரமானது. கிளோவிஸ் அவனைக் கைத்தாங்கலாகக் கோட்டோரம் கூட்டி வந்தார், ஆர்லிஸின் கம்புக்கு நாலடி தள்ளி. கூட்டம் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர், போன வாரம் யாரோடு ஆடினாய் என்று. கிளோவிஸும் எங்கள் ஊர்க்காரர்தானே, எங்கள் ஊர்க் கேள்வியைத்தான் கேட்டார்.

"அறுபத்தெட்டு?"

"ஏழுக்கு மூணு," என்றான் கென்டல், எங்கேயோ பார்த்தபடி.

"எண்பத்து மூணு?"

"ஒம்பதுக்கு ஒண்ணு."

"டெல்வினுக்கு?"

"அதே வருஷம் நாலுக்கு ஆறு. தோத்த வருஷம்."

பக்கத்தில் நின்ற ஆட்டக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மண்டைக்குள்ள ஒண்ணும் ஆகல, மணி மாதிரி இருக்கான்!" என்று கிளோவிஸ் பயிற்சியாளரைப் பார்த்துக் கையசைத்தார்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. அந்தப் பரீட்சையைச் செவ்வாய்க்கிழமையே வைத்துப் பார்த்தவர் அவர். பழைய வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோதும் அவன் முழு மார்க்தான் வாங்கினான். அந்தக் கணக்கு அவன் மண்டையில் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு மேலே எது இருக்கிறது எது இல்லை என்று அந்த மைதானத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை போதும். கிளோவிஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் முதுகு காட்டி நின்றார். மேலே பார்வையாளர்கள் உட்காரும் பலகை வரிசையில் வெர்னீ எழுந்து நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கென்டல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் போக அடியெடுத்தான். ஆர்லிஸின் கம்புக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டின் முகக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து, அவர் முகத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

"சார், இதுல எங்க பக்கம் எதுங்க?"

ஆர்லிஸ் வாயைத் திறந்தார். கூட்டத்தின் அலறலெல்லாம் அந்த நிமிஷம் அவர் காதில் நாற்பத்து நாலு, நாற்பத்து நாலு என்றுதான் விழுந்திருக்க வேண்டும். கம்பைப் பிடிக்காத கையைத் தூக்கி, எங்கள் அணி காத்து நின்ற ஆற்றுப் பக்கத்துக் கோல் கம்பத்தைக் காட்டினார்.

"அந்தா, அதுதான்டா. அதுக்கு முன்னாடி போய் நில்லு."

"ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று சொல்லிவிட்டு அவன் அங்கே ஓடினான்.